எஞ்சின் நின்ற பின் எவ்வளவு தூரம்? பழைய புரொப்பெல்லர் போர் விமானங்களின் சறுக்கலும் காற்றிழுவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் அவர்களை இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கே மெர்லின் எஞ்சின் பூட்டிய பேலியல் பயிற்சி விமானத்தின் முன் நின்றவுடன் கேள்விகள் தொடங்கிவிடும். கணினியில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரித்தானியப் போர் விமானத்தை ஓட்டி விளையாடும் பிள்ளைகள் ஒரு பக்கம், 1942இல் கொழும்பின் மேல் நடந்த வான்சண்டையைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் மறுபக்கம். இரு தரப்பாரின் ஐயங்களும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சேர், எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடாதா?

விழாது. விமானத்தைத் தாங்குவது எஞ்சின் அன்று, இறக்கை. காற்று இறக்கையின் மேல் போதிய வேகத்தில் ஓடும்வரை தூக்குவிசை இருக்கும். எஞ்சினின் வேலை, காற்று பின்னோக்கி இழுக்கும் இழுவையை ஈடுகட்டுவது. எஞ்சின் நின்றதும் அந்த வேலையைப் புவியீர்ப்பு ஏற்றுக்கொள்கிறது. விமானி மூக்கைச் சற்றுக் கீழே தாழ்த்துகிறார். விமானம் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வேகத்தைக் காத்துக்கொள்கிறது. இதுவே சறுக்கல்.

விழுவது எப்போது என்றால், விமானி பதற்றத்தில் மூக்கை உயர்த்தி வேகத்தை இழக்கும்போது. அப்போது இறக்கையின் மேலிருந்து காற்றோட்டம் பிரிந்துவிடும், தூக்குவிசை சரிந்துவிடும்.

சறுக்கு விகிதம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு மீற்றர் உயரத்தை இழக்கும்போது எத்தனை மீற்றர் முன்னே போகலாம் என்பதே சறுக்கு விகிதம். விகிதம் 10 என்றால், 1,000 மீற்றர் உயரத்திலிருந்து 10 கிலோமீற்றர் போகலாம். இரத்மலானை ஓடுபாதையிலிருந்து பழைய கொழும்பு குதிரைப்பந்தயத் திடல் ஏறக்குறைய அவ்வளவு தூரந்தான்.

காற்றில்லாத வேளையில் இந்த விகிதம் தூக்குவிசையை இழுவையால் வகுத்து வரும் எண்ணுக்குச் சமம். இந்தப் பக்கத்தில் வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு சமன்பாட்டிலிருந்து பிறப்பவை.

இழுவை என்பது காற்று உரசுவதுதானே?

உரசுவது அதில் ஒரு பங்கு. காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியே உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்தால் சிறிதாகவும், நிமிர்த்திப் பிடித்தால் பெரிதாகவும் ஓர் இழுப்பை உணரலாம். மேற்பரப்பு உராய்வு, உடலின் வடிவம், துருத்திக்கொண்டிருக்கும் பகுதிகள் ஆகியவற்றால் வருவதை வடிவ இழுவை என்று கொள்வோம். இது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்.

மற்றொன்று தூண்டல் இழுவை. இறக்கை தூக்குவிசையைத் தரும்போது கீழுள்ள அழுத்தக் காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலே சுழன்று பின்னால் சுழல்களை விட்டுச் செல்கிறது. அந்தச் சுழல்களுக்குக் கொடுக்கப்படும் ஆற்றலே இந்த இழுவை. இது முந்தியதற்கு நேர்மாறாக, வேகம் குறையக் குறையக் கூடும். இரண்டும் சமமாகும் வேகத்தில் மொத்த இழுவை மிகக் குறைவு. மிக நீண்ட தூரம் சறுக்க உதவும் வேகமும் அதுவே.

ஸ்பிட்ஃபயர் எவ்வளவு தூரம் சறுக்கும்? ஒரு எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரு எண் போதாது. இரண்டு எண்கள் வேண்டும். நான் வகுப்பில் போடும் கணக்கு இது. எடை 3,000 கிலோகிராம், இறக்கைப் பரப்பு 22.5 சதுர மீற்றர், இறக்கையின் நீள அகல விகிதம் 5.6. புரொப்பெல்லரைக் கழற்றி வைத்தது போன்ற சுத்தமான உடலுக்கு வடிவ இழுவைக் குணகம் (வடிவ இழுவை எவ்வளவு என்று காட்டும் எண், சிறிதாக இருந்தால் நல்லது) 0.021 என்று எடுத்துக்கொண்டால், சறுக்கு விகிதம் ஏறக்குறைய 13 வருகிறது. வேகம் மணிக்கு 226 கிலோமீற்றர், செக்கனுக்கு 4.8 மீற்றர் இறக்கம்.

ஆனால் செத்த எஞ்சினின் முன்னால் புரொப்பெல்லர் காற்றால் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் இழுவையையும் சேர்த்துக் குணகத்தை 0.035 என்று கொண்டால் விகிதம் 10 ஆகக் குறைகிறது. வேகம் மணிக்கு 199 கிலோமீற்றர், இறக்கம் செக்கனுக்கு 5.5 மீற்றர். குணகங்கள் நான் தெரிந்தெடுத்த நியாயமான மதிப்புகள். அவற்றை மாற்றினால் விடையும் மாறும். இழுவை கூடும்போது சறுக்க வேண்டிய சிறந்த வேகம் குறைகிறது என்பதையும் கவனியுங்கள். இந்த விடயத்தைப் பலரும் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள்.

வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். இரத்மலானைக்கு மேல் 3,000 மீற்றரில் எஞ்சின் நின்று, விமானி வடக்கே திரும்பினால், விகிதம் 10 அவரை ஜா-எல தாண்டிக் கொஞ்சத் தூரம் கொண்டுசேர்க்கும். கட்டுநாயக்க 40 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. விகிதம் 13 இருந்தால் அவர் ஓடுபாதைக்கு ஒரு கிலோமீற்றர் குறைவாக விழுந்திருப்பார். செத்த புரொப்பெல்லர் மட்டும் தின்றது 9 கிலோமீற்றர்.

பாரமான விமானம் சீக்கிரம் கீழே வந்துவிடுமா?

சீக்கிரம் வரும், ஆனால் அதே இடத்துக்குத்தான் வரும். எடை கூடினால் தேவையான தூக்குவிசை கூடும், அதோடு இழுவையும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே சறுக்கு விகிதம் மாறாது. மாறுவது வேகம், அது எடையின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. மேலே சொன்ன ஸ்பிட்ஃபயர் 2,500 கிலோகிராம் மட்டுமே இருந்தால் 199க்குப் பதிலாக மணிக்கு 182 கிலோமீற்றரில் அதே பாதையில் இறங்கும்.

உயரத்தில் காற்று மெல்லியதாயிற்றே, அங்கே மோசமாகச் சறுக்குமா?

இல்லை. வேகமானி காட்டும் அதே வேகத்தில் பறந்தால் விகிதம் ஏறக்குறைய மாறாது. 6,000 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தின் 54 வீதம் மட்டுமே என்பதால் உண்மையான வேகம் 1.36 மடங்காகிறது, இறங்கும் வேகமும் அதே மடங்காகிறது.

அதிவேக விமானம் என்றால் நன்றாகச் சறுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஆம் என்ற விடை மனத்துக்கு மிக எளிதாக வந்துவிடுகிறது. நாசாவில் பணியாற்றிய பொறியாளர் லாரன்ஸ் லாஃப்டின் பழைய விமானங்கள் பலவற்றுக்கு இந்த எண்களைக் கணக்கிட்டிருக்கிறார். முதல் உலகப் போரின் சொப்வித் கேமலுக்கு வடிவ இழுவைக் குணகம் 0.0378, தூக்கு இழுவை விகிதம் 7.7. இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங்குக்கு 0.0163, விகிதம் 14.6. கம்பிகளும் தடிகளும் போய், சில்லுகள் உள்ளே மடிந்து, துணி போய் உலோகத் தோல் வந்ததன் பலன் இது. இதைப் பார்த்தால் வேகமும் சறுக்கலும் கைகோத்துச் செல்வதாகத் தோன்றும்.

இப்போது அதே பட்டியலில் வேறு இரண்டைப் பாருங்கள். அமெரிக்கப் போர் விமானமான ஹெல்கேட்டின் குணகம் 0.0211, விகிதம் 12.2. இரட்டை எஞ்சின் லைட்னிங்கின் குணகம் 0.0268, ஆனால் விகிதம் 13.5. இழுவைக் குணகத்தில் பின்தங்கிய லைட்னிங் சறுக்கலில் முந்துகிறது. காரணம் அதன் நீண்ட, ஒடுங்கிய இறக்கை: நீள அகல விகிதம் 8.26, ஹெல்கேட்டுக்கோ 5.5. உச்ச வேகத்தில் வடிவ இழுவையே ஏறக்குறைய எல்லாம். சறுக்கும் வேகத்தில் தூண்டல் இழுவை சரிபாதி. ஓட்டப் பந்தயத்தில் வெல்ல வடித்த உடலுக்கும் மெதுவாக மிதக்க வடித்த இறக்கைக்கும் தேவைகள் வேறு. இன்றைய போட்டிச் சறுக்கு விமானங்களின் விகிதம் 50ஐத் தாண்டுவதும் இறக்கை நீளத்தால்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த விகிதங்கள் புரொப்பெல்லர் இழுவை இல்லாத சுத்தமான உடலுக்கானவை. எஞ்சின் நின்ற மஸ்டாங் 14.6இல் சறுக்காது.

ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கை இழுவையைக் குறைக்கத்தானா?

நீள்வட்டம் தூண்டல் இழுவையை மிகக் குறைக்கும் வடிவம் என்பது உண்மை. ஆனால் நன்கு அமைத்த ஒடுங்கும் இறக்கை அதற்கு மிக அருகில் வந்துவிடும். ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த ஆர்.ஜே. மிட்செலும் பெவர்லி ஷென்ஸ்டோனும் நாடிய பெரும்பலன் வேறு: உடலோடு சேருமிடத்தில் இறக்கையை அகலமாக வைத்தால், மெல்லியதாக இருந்தும் துப்பாக்கிகளும் சில்லுகளும் உள்ளே அடங்கும். அங்கே ஸ்பிட்ஃபயரின் தடிப்பு அகலத்தின் 13 வீதம். அதே காலத்துப் பிரித்தானியப் போர் விமானமான ஹரிகேனுக்கு 19 வீதம். வேகத்தைக் கொடுத்தது அந்த மெலிவு.

ஆணித்தலை போன்ற சின்னச் சின்ன விடயங்களுக்கா இவ்வளவு கவலைப்பட்டார்கள்?

கவலைப்பட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரியில் தட்டையாகப் பதித்த தறையாணிகளே இருந்தன. அவற்றைப் பதிக்க நேரமும் பணமும் அதிகம். தலை புடைத்த மலிவான ஆணிகள் வேகத்தை எவ்வளவு குறைக்கும் என்று அறிய, உடைத்த பட்டாணிப் பருப்பை ஆணித்தலைகளின் மேல் ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். உடல் முழுவதும் பருப்பு இருந்தபோது மணிக்கு 22 மைல் வரை வேகம் குறைந்தது. பின்னர் பகுதி பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து, எங்கே புடைத்த ஆணி பாதிப்பில்லை என்று கண்டறிந்தார்கள். அறிவியல் சோதனை என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ரேடியேட்டர் இழுவையைக் கூட்டுமா, தள்ளுமா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

இரண்டும் உண்மை, எஞ்சின் ஓடுகிறதா என்பதைப் பொறுத்தது. 1930களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் எஃப்.டபிள்யூ. மெரடித் காட்டியது இது: குழாய்க்குள் காற்றை மெதுவாக்கி, ரேடியேட்டரின் வெப்பத்தால் சூடாக்கி, ஒடுங்கிய வாய் வழியே பின்னால் வெளியேற்றினால், அது கொஞ்சம் முன்தள்ளும். மஸ்டாங்கின் வயிற்றுக் குழாய் இதை மிக நன்றாகப் பயன்படுத்தியது. ஏறக்குறைய அதே மெர்லினோடு, எடை கூடவே இருந்தும், அது ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயரைவிட வேகமாகப் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சின் செத்தால் வெப்பம் இல்லை, தள்ளலும் இல்லை. குழாய் வெறும் இழுவைதான். அப்போது வெளியேற்றக் கதவை மூடிவிடுவது நல்லது.

உருளைகளை வட்டமாக அடுக்கி, காற்றாலேயே குளிரவைக்கும் வட்ட எஞ்சின்களின் கதை வேறு. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் ஃபிரெட் வீக்கின் குழு வடித்த எஞ்சின் மூடியைப் பூட்டியபோது ஒரு கர்ட்டிஸ் விமானத்தின் வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. எஞ்சினைத் துளியும் மாற்றவில்லை. ஜப்பானியப் போர் விமானமான ஸீரோ போன்ற பின்வந்த விமானங்கள் அதன் வாரிசுகள்.

புரொப்பெல்லர் நின்றுவிட்டால் நல்லதா, சுழன்றால் நல்லதா?

புரொப்பெல்லர் இலைகள் திரும்பி நிற்கும் கோணத்தை, அதாவது இலைக்கோணத்தைப் பொறுத்தது. இலைகள் காற்றுக்கு ஏறக்குறைய குறுக்கே நிற்கும் சிறுகோணத்தில், சுழலும் புரொப்பெல்லர் காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சிச் செத்த எஞ்சினைத் திருப்புகிறது. அப்போது அதன் இழுவை நின்றுபோன புரொப்பெல்லரைவிட அதிகம். பெருங்கோணத்துக்கு மாற்ற முடிந்தால் இழுவை வெகுவாகக் குறையும். ஆகவே எண்ணெய் அழுத்தம் மீதி இருக்கும்போதே விமானி செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று இலைக்கோணத்தைப் பெரிதாக்குவது. இலைகளைக் காற்றோட்டத்துக்கு முற்றிலும் இணையாகத் திருப்பும் வசதி லைட்னிங் போன்ற இரட்டை எஞ்சின் விமானங்களுக்கே பெரும்பாலும் இருந்தது.

சுழல்வதை நிறுத்திவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு வேகத்தைத் தூக்குவிசை சரியும் அளவுக்கு அருகில் குறைக்க வேண்டும். அதில் இழக்கும் உயரமும் ஏற்கும் ஆபத்தும் லாபத்தைத் தின்றுவிடும். மிக உயரத்தில் இருந்தாலன்றி நான் அதை ஏற்கமாட்டேன்.

தூரம் வேண்டாம், அதிக நேரம் காற்றில் நிற்க வேண்டும். இன்னும் மெதுவாகப் பறக்கலாமா?

கோட்பாட்டில் ஆம். செக்கனுக்கு மிகக் குறைவாக இறங்கும் வேகம், தூரத்துக்கான வேகத்தின் 76 வீதம். நம் ஸ்பிட்ஃபயர் கணக்கில் அது மணிக்கு 151 கிலோமீற்றர். அதே கணக்கில், மடிப்புகளை (இறங்கும்போது கீழே தாழ்த்தும் இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளை) இறக்காத நிலையில் தூக்குவிசை சரியும் வேகம் மணிக்கு 143. இரண்டுக்கும் இடையே 8 கிலோமீற்றர்தான். ஒரு காற்றுக் குலுக்கல் போதும். எனவே பாரமான போர் விமானங்களில் இந்த வேகம் தாளில் மட்டுமே இனிக்கும்.

தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது கணக்கு எப்படி மாறும்?

விமானத்துக்குக் காற்று தெரியாது, நிலத்துக்குத்தான் தெரியும். கட்டுநாயக்கவுக்கு மேல் 3,000 மீற்றரில் எஞ்சின் நின்று தெற்கே வருவதாக வைப்போம். அமைதியான நாளில் விகிதம் 10 கொள்ளுப்பிட்டி வரை கொண்டுவரும். செக்கனுக்கு 10 மீற்றர் எதிர்க்காற்று நேரே முகத்தில் அடித்தால் தூரம் 24.6 கிலோமீற்றராகச் சுருங்கும். மட்டக்குளியைத் தாண்டியதும் தரை வந்துவிடும்.

எதிர்க்காற்றில் வேகத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும், பின்காற்றில் சற்றுக் குறைக்கலாம். நான் கணக்கிட்டவரை இந்த மாற்றத்தின் லாபம் சிறியதே. பாரமான விமானம் வேகமாகச் சறுக்குவதால் எதிர்க்காற்றில் கொஞ்சம் குறைவாகவே இழக்கும். எடைக்கு ஒரு பயன் உண்டென்றால் அது இங்கேதான்.

சறுக்கலில் எடை பொருட்டில்லை என்றால், பாய்ச்சலில் மட்டும் ஸீரோ ஏன் பின்தங்கியது?

சிறந்த கோணத்தில் சறுக்கும்போது ஒவ்வொரு விமானமும் தனக்கேற்ற வேகத்தைத் தெரிந்துகொள்கிறது, அதனால் எடை விலகிவிடுகிறது. செங்குத்தாகப் பாயும்போது அந்தத் தெரிவு இல்லை. எடை முழுவதும் இழுவையோடு மோதுகிறது. எடையை வடிவ இழுவையால் வகுத்தால் எது அதிகமோ அது முந்தும். மஸ்டாங்கின் எல்லா வடிவ இழுவையும் 0.35 சதுர மீற்றர் பரப்புக்குச் சமம் என்று லாஃப்டினின் கணக்கு சொல்கிறது, எடையோ நாலரைத் தொன். ஸீரோவுக்கு எடை ஏறக்குறைய 2.4 தொன் மட்டுமே. அதன் மெல்லிய உடலமைப்புக்கு அனுமதித்த பாய்ச்சல் வேகமும் குறைவு, விமானத்தைப் பக்கவாட்டில் சரிக்க உதவும் சிறகுத் திருப்பிகள் அதிவேகத்தில் இறுகிவிடும். பாய்ந்து தப்பு, ஸீரோவோடு வட்டமிடாதே என்று நேச நாட்டு விமானிகளுக்குச் சொன்னதன் பின்னால் இந்த வகுத்தல் இருக்கிறது.

தம்பி, 1942இல் அடிபட்ட ஹரிகேன்கள் சறுக்கித் திடலுக்கே திரும்பியிருக்கலாமே?

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையில் 30ஆம் படையணியின் ஹரிகேன்களும் பந்தயத் திடலில் 258ஆம் படையணியின் ஹரிகேன்களும் இருந்தன. பல விமானங்கள் மேலெழும்பும்போதே தாக்குதலுக்கு உள்ளாயின. சறுக்கலுக்கு மூலதனம் உயரம், உயரம் இல்லாதவருக்கு விகிதம் உதவாது. 300 மீற்றரில் எஞ்சின் நின்றால் நேர்கோட்டில் 3 கிலோமீற்றர்தான்.

திரும்புவது இன்னும் கொடியது. 45 பாகை சரிவில் திரும்பினால் தூண்டல் இழுவை இரட்டிக்கிறது, தூக்குவிசை சரியும் வேகம் 19 வீதம் உயர்கிறது. மணிக்கு 216 கிலோமீற்றரில் நம் ஸ்பிட்ஃபயர் அரை வட்டம் திரும்பவே ஏறக்குறைய 165 மீற்றர் உயரத்தை இழக்கும். அப்போதும் ஓடுபாதைக்கு 700 மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் இருக்கும். அதை நேராக்க இன்னும் திரும்ப வேண்டும். ஆகவே மேலெழும்பியவுடன் எஞ்சின் நின்றால் முன்னால் உள்ளதில் நல்ல இடத்தில் இறங்கு என்பதே அன்றும் இன்றும் விமானிக்குச் சொல்லப்படும் பாடம்.

கடலில் இறக்கியிருக்கலாம் அல்லவா? காலிமுகத்துக்கு முன்னால் எவ்வளவு இடம்!

ஹரிகேனின் வயிற்றிலும் ஸ்பிட்ஃபயரின் இறக்கைகளின் அடியிலும் ரேடியேட்டர்கள் தொங்குகின்றன. நீரில் பட்டதும் அவை வாரி இழுத்து மூக்கைக் கீழே புதைக்கும். அதனால் போதிய உயரம் இருந்தால் பாராசூட்டில் குதிப்பதே மேல் என்று கருதப்பட்டது. வேகத்துக்காக வைத்த இடம் இறங்கும்போது எமனாவதற்கு இது தெளிவான சான்று.

தரையில் இறங்குவதானால் சில்லுகளை இறக்க வேண்டுமா, மடிக்க வேண்டுமா?

தெரிந்த ஓடுபாதை எட்டும் என்று உறுதியானால் இறக்கலாம், அதுவும் கடைசியில். சில்லும் மடிப்பும் இழுவையை வெகுவாகக் கூட்டும். ஸ்பிட்ஃபயரின் மடிப்புக்கு மேலே, முழுவதும் கீழே என்ற இரண்டே நிலைகள்; கீழே என்றால் 85 பாகை. ஒருமுறை இறக்கிவிட்டால் சறுக்குப் பாதை செங்குத்தாகும். எஞ்சின் செத்தால் சில்லை இறக்க அவசரக் காபனீரொட்சைட்டுப் புட்டி உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்தியபின் மீண்டும் மடிக்க முடியாது.

தெரியாத வயலோ சதுப்போ என்றால் வயிற்றால் இறங்குவதே நல்லது. 1942 ஜூன் 4 அன்று அலாஸ்காவின் அகுட்டான் தீவில் எண்ணெய்க் குழாய் அடிபட்ட ஸீரோவை ததயோஷி கோகா இறக்கினார். மேலிருந்து பசும்புல் தரையாகத் தெரிந்தது, கீழே இருந்ததோ சதுப்பு. இறக்கியிருந்த சில்லுகள் சேற்றில் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. அவர் கழுத்து முறிந்து இறந்தார். விமானத்துக்குச் சேதம் குறைவு. அமெரிக்கர்கள் அதை மீட்டுச் சீர்செய்து பறக்கவிட்டு, ஸீரோவின் பலவீனங்களை நேரடியாக அளந்தார்கள். மேலே சொன்ன இறுகும் சிறகுத் திருப்பிகளும் அவற்றுள் அடங்கும்.